புதன்கிழமை மட்டும் தாழும் கை

நான் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டபோது எனக்கு நாற்பத்தொரு வயது. யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், "எதைச் சுடுவீங்க?" என்று கேட்பார்கள். அட்டையைத்தான். பத்து மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு வெள்ளை அட்டை, அதன் நடுவில் தேநீர்க் கோப்பையின் வாயளவு கறுப்பு வட்டம். இந்தத் துப்பாக்கியில் மருந்தும் இல்லை, நெருப்பும் இல்லை. அழுத்தி அடைத்த காற்றுதான் கொத்தமல்லி விதை அளவுள்ள ஈயக் குண்டைத் தள்ளிக்கொண்டு போகிறது.

மலேசியாவில் ரந்தாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் நான் கிராணி, கணக்கெழுதும் வேலை. ஆபீசுக்குப் பின்னால், முன்பு ரப்பர் ஷீட் அடுக்கி வைத்த நீளமான கட்டடம் ஒன்று இருக்கிறது. அதைக் குறிசுடும் கிளப் ஒன்று எடுத்து, வெள்ளையடித்து, இரும்புக் கதவு போட்டு, ஆறு பேர் வரிசையாக நின்று சுடும்படி மாற்றியிருந்தது. ஒருநாள் தண்ணீர்க் குழாய் விஷயமாக ஒரு கடிதத்தைக் கொடுக்கப் போனேன். கிளப்பின் பொறுப்பாளர் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற மலாய்க்காரர். எல்லாருக்கும் அவர் துவான் ஹாஜி. சின்ன வயதில் தோட்டத்துப் பிள்ளைகளோடு பந்தாடி வளர்ந்தவர் என்பதால் தமிழ் சரளமாக வரும்.

"தங்காச்சி, வந்ததுதான் வந்தீங்க, அஞ்சு குண்டு சுட்டுப் பாருங்களேன்" என்றார்.

முதல் குண்டு அட்டையிலேயே படவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது கறுப்பில் பட்டது. அந்தச் சின்ன ஓட்டையைப் பார்த்ததும் இன்னும் ஐந்து குண்டு கேட்டு வாங்கினேன். அன்று மாலை அடுப்படியில் சோறு வெந்துகொண்டிருக்க, நான் கரண்டியை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தேன் என்று என் கணவர் இன்றுவரை சொல்லிக் காட்டுவார்.

ஞாயிறு காலையிலும் புதன் மாலை வேலை முடிந்ததும் பயிற்சி. இரண்டு ஆண்டு இப்படியே ஓடியது. கிளப்பில் இருந்த துப்பாக்கிகளில் ஒன்று எனக்கென்றே ஆகிவிட்டது. அதன் மரக் கைப்பிடி சின்ன அளவு. மற்றவர்கள் பிடித்தால் சுண்டுவிரல் வெளியே தொங்கும். எனக்கு மட்டும் கையுறை போட்டது மாதிரி உட்காரும். ஆனால் "எனக்கென்று" என்பது வெறும் பேச்சுதான். சட்டப்படி அது கிளப்பின் துப்பாக்கி. கட்டடத்தை விட்டு வெளியே போகாது. பயிற்சி முடிந்ததும் துவான் ஹாஜி ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, இரும்புப் பெட்டகத்துக்குள் பூட்டி, நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார். உறுப்பினர் அல்லாதவர் அதைத் தொடவே கூடாது.

குழலுக்குக் கீழே ஒரு விரல் தடிப்பில் சிலிண்டர். ஞாயிற்றுக்கிழமை பெரிய நீலச் சிலிண்டரிலிருந்து அதை இருநூறு பார் அழுத்தம் வரை நிரப்பிக்கொண்டால் அடுத்த ஞாயிறு வரை தாராளமாக வரும். சிலிண்டரின் நுனியில் மோதிரக் கல் மாதிரி ஒரு குட்டி மீட்டர் உண்டு. சுடுவதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நிரப்பியது நான்தானே என்ற தெம்பில் நான் பார்ப்பதில்லை.

அந்த ஆண்டு போர்ட்டிக்சன் பக்கம் நடக்கும் போட்டிக்குப் பெண்கள் அணியில் என் பெயரும் வந்தது. மூன்று பேர் கொண்ட அணி. நான், ஒரு பள்ளி ஆசிரியை, அப்புறம் சிரம்பானில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர். டாக்டர் என்னைவிட ஆறேழு வயது இளையவர். யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம். பேச்சில் இன்னும் அந்த ஓசை இருக்கும். நான் அவரை டாக்டர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். ஒருவரை ஒருவர் முந்தப் பார்ப்போம். அது இருவருக்குமே தெரியும், ஆனால் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள மாட்டோம்.

பெயர் வந்த நேரத்தில்தான் என் புதன்கிழமைகள் கெட்டுப்போயின.

ஞாயிறு நன்றாகச் சுடுவேன். புதன் வந்தால் குண்டுகள் எல்லாம் வட்டத்தின் அடிவாரத்துக்குப் போய்க் கூட்டமாக உட்கார்ந்துகொள்ளும். ஒரு வாரம் இல்லை, தொடர்ந்து நாலு வாரம். வேலைக் களைப்பு, கை தாங்கவில்லை என்று முடிவு செய்தேன். புதன்கிழமைகளில் மதியச் சோற்றைக் குறைத்தேன். ஆபீசில் கோப்புகளை இடது கையால் தூக்கினேன். வீட்டில் தொலைக்காட்சி முன்னால் ஒரு லிட்டர் எண்ணெய்ப் போத்தலை வலது கையில் நீட்டிப் பிடித்தபடி ஒரு தொடர் முழுக்க நின்றேன். கணவர் போத்தலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மூடி சரியா மூடியிருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. குண்டு தாழ்வாக விழுகிறதே என்று புதன்கிழமை குழலுக்கு மேலுள்ள பின்பக்கக் குறியைத் திருகி நாலு கிளிக் உயர்த்துவேன். ஞாயிறு வந்தால் எல்லாம் மேலே பறக்கும், நாலு கிளிக் இறக்குவேன். "என் கைக்கு ரெண்டு புத்தி" என்று டாக்டரிடம் புலம்பினேன்.

போட்டிக்கு இரண்டரை வாரம் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை, டாக்டர் பக்கத்துத் தடத்தில் தன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நான் சுடுவதையே கவனித்துக்கொண்டிருந்தார். நாலு குண்டு போனதும் காது மூடியைக் கழற்றினார்.

"அக்கா, சத்தம் சரியில்லை."

"என்னா சத்தம்?"

"ஞாயிற்றுக்கிழமை டக்கெண்டு கேட்கும். இப்ப போர்வைக்குள்ள ஆரோ தும்முற மாதிரி இருக்கு. மீட்டரைப் பாருங்கோ."

பார்த்தேன். முள் அறுபதுக்குக் கீழே கிடந்தது. ஞாயிறு காலை நானே இருநூறு நிரப்பியிருந்தேன். அதன்பின் முப்பது குண்டுகூடச் சுடவில்லை. நோட்டைப் புரட்டினோம். இடையில் வேறு யாரும் அதை எடுத்ததாகக் கையெழுத்து இல்லை. பெட்டகத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தபடியே அது காற்றை விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அழுத்தம் அவ்வளவு குறைந்தால் குண்டு மெதுவாகப் போகும், மெதுவாகப் போனால் தாழ்ந்து விழும்.

எனக்கு வந்தது கவலை இல்லை. "கை இல்ல! என் கை இல்ல!" என்று கத்திவிட்டேன். கோடித் தடத்தில் குறிபார்த்துக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டுத் துப்பாக்கியை இறக்கினார். துவான் ஹாஜி ஓடி வந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம்தான் வாடியது. "அலாமாக். கோலாலம்பூருக்கு அனுப்பணும் தங்காச்சி. அங்க ஒருத்தர்தான் பாக்கிறார். போனா ஒரு மாசம் ஆவும்."

போட்டிக்கு இருந்தது பதினேழு நாள். வேறு துப்பாக்கி எடுத்தால் கைப்பிடி பெரிது, என் கைக்குள் ஆடும்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் ஏர்கோன் மெக்கானிக். மம்பாவில் எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீடு அவர் கை பட்டுக் குளிர்கிறது. என் துப்பாக்கி விஷயத்தில் அதுவரை அவர் அதிகம் தலையிட்டதில்லை. "காத்து போவுது" என்றதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கருந்து போவுது?"

"அது தெரிஞ்சா நான் ஏங்க உங்ககிட்ட கேக்குறேன்?"

"எவ்ளோ வேகமா?"

"மூணு நாள்ல இருநூறு அறுபதாயிடுது."

"சின்ன லீக்" என்றார், ஏதோ பழைய எதிரியைப் பற்றிப் பேசுவதுபோல. "பெரிய லீக்னா அதுவே ஸ்ஸ்ஸ்னு கூப்பிட்டுச் சொல்லிடும். சின்னதுதான் ஆளச் சுத்தல்ல விடும். இங்க பாரும்மா. மொத வேல, ரெண்டாப் பிரி. வெளிய இருக்கிற மெசின்லயா, வீட்டுக்குள்ள இருக்கிற மெசின்லயான்னு தெரியாம நான் ஒரு நட்டக்கூடத் தொடமாட்டேன். உன் துப்பாக்கில சிலிண்டர் தனியாக் கழறுமா?"

"கழறும்."

"கழட்டுனா காத்து வெளிய வந்துடுமா?"

"வராது. அதுக்குள்ளயே ஒரு அடைப்பு இருக்கு."

"அப்ப நெரப்பி, கழட்டி, தனியா வை. மூணு நாள் கழிச்சிப் பாரு. முள் எறங்கியிருந்தா சிலிண்டர் குத்தம். எறங்கலன்னா துப்பாக்கி குத்தம். அதுக்கு மேல அப்புறம் பேசுவோம்."

மறுநாள் காலை ஆபீசுக்குப் போகும் வழியிலேயே துவான் ஹாஜியைப் பிடித்தேன். அவர் பெட்டகத்தைத் திறக்க, நான் இருநூறு நிரப்பிச் சிலிண்டரைக் கழற்றி, ஒரு துணியில் சுற்றித் தனித் தட்டில் வைத்தேன். அந்த மூன்று நாளும் ஆபீஸ் ஜன்னல் வழியாக அந்தக் கட்டடத்தின் கூரை தெரியும்போதெல்லாம், உள்ளே முள் எங்கே நிற்கிறதோ என்று நினைப்பு ஓடும். லாரி எடை போடும் தாளில் ஒரு தடவை டன் எழுத வேண்டிய இடத்தில் பார் என்று எழுதிவிட்டேன், மேனேஜர் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

ஞாயிறு ஏழரைக்கே போய் நின்றேன். துவான் ஹாஜி பெட்டகத்தைத் திறந்தார். துணியைப் பிரித்தேன். இருநூறு. ஒரு மயிரிழை அசையவில்லை.

கணவருக்கு உடனே குரல்செய்தி அனுப்பினேன். அவர் மம்பாவில் ஒரு வீட்டில் வேலையாக இருந்தார். அரை மணியில் வேன் வந்து நின்றது. கருவிப் பையோடு, சோப்புத் தண்ணீர்ப் புட்டியோடு, ஆபரேஷனுக்கு வந்த சர்ஜன் மாதிரி உள்ளே நுழைந்தார்.

துவான் ஹாஜி கையைக் குறுக்கே நீட்டினார். "தம்பி, சட்டம்லா. உள்ள வரலாம், பாக்கலாம். அந்த மஞ்சக் கோட்டத் தாண்டக் கூடாது. கை வைக்கவே கூடாது."

"கை வைக்காம எப்பிடி துவான் லீக் பாக்கிறது?"

"வாயி இருக்குல்ல?"

அப்படியாக, என் கணவர் பார்வையாளர் பெஞ்சுக்கு முன்னால், மஞ்சள் கோட்டில் கட்டைவிரல் படும்படி நின்றார். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மேஜை. மேஜையில் துப்பாக்கி. குண்டு இல்லை என்று துவான் ஹாஜி இரண்டு தடவை பார்த்து உறுதி செய்து, குழல் அட்டைப் பக்கம் பார்க்க வைத்தார். பயிற்சிக்கு வந்த டாக்டர் தன் துப்பாக்கியை எடுக்காமல் எங்களோடு வந்து நின்றுவிட்டார். நான் சிலிண்டரைத் திருகி மாட்டினேன்.

"இப்ப ரெண்டு எடம்" என்றார் கணவர், கோட்டிலிருந்தபடி. "ஒண்ணு, சிலிண்டரும் துப்பாக்கியும் சேர்ற கழுத்து. இன்னொண்ணு, உள்ள குண்டத் தள்ளுற வால்வு. அந்த வால்வு சரியா மூடலன்னா காத்து எந்த வழியா வரும்?"

"குழல் வழியா" என்றேன்.

"அதான். அது வந்துச்சின்னா உள்ள பிரிக்கணும். நம்மால முடியாது, கோலாலம்பூர்தான். மொதல்ல அது இல்லன்னு பாத்துடு. குழல் வாய்ல எதாச்சும் மெல்லிசா மாட்டு. பலூன் கிலூன்."

ஞாயிறு காலை அந்தப் பழைய ரப்பர் ஷீட் கட்டடத்தில் பலூனுக்கு எங்கே போவது? டாக்டர் காருக்கு ஓடிப்போய் ஒரு பெட்டி நிறைய கையுறை கொண்டுவந்தார். பல் பிடுங்கும்போது போடும் மெல்லிய நீலக் கையுறை. அதன் மணிக்கட்டுப் பகுதியைக் குழல் வாயில் மாட்டி, ரப்பர் பட்டையால் இறுக்கினார். ஐந்து விரலும் கீழே தொங்க, துப்பாக்கி பார்க்கப் பாவமாக இருந்தது.

காத்திருந்தோம். காற்று வந்தால் கையுறை மெல்ல நிமிரும். நான் அந்த ஐந்து விரலையும் கண் கொட்டாமல் பார்த்தேன். அதற்குள் மற்ற உறுப்பினர்களும் வந்துவிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு பக்கம் நின்று, யாரும் சுடாமல், கையுறை எழுந்து நிற்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தடவை மின்விசிறிக் காற்றில் சுட்டுவிரல் ஆடியது. "அசையுது, அசையுது!" என்று கணவர் கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து குதித்தார். துவான் ஹாஜி போய் மின்விசிறியை நிறுத்தினார். விரல் அடங்கியது.

"தம்பி, உங்க கால் வெரல் கோட்டுல இல்ல, கோட்டத் தாண்டி நிக்குது" என்றார் திரும்பி வரும்போது.

அரை மணி நேரம். ஆற்றி நுரைத்த தேத்தாரே தேநீர் வாங்கிவந்து குடித்தும் முடித்தோம். கையுறை தொங்கியது தொங்கியபடியே இருந்தது. இவ்வளவு சந்தோஷமாக ஒரு கையுறை தொங்கி நான் பார்த்ததில்லை. வால்வு தப்பித்தது. கோலாலம்பூர் தேவையில்லை.

"அப்ப கழுத்துதான்" என்று கணவர் சோப்புப் புட்டியை நீட்டினார்.

"தண்ணி கூடாது!" துவான் ஹாஜி இரண்டு கையாலும் துப்பாக்கியை மறைத்தார். "உள்ள போனா துரு!"

"லீக் பாக்க சோப்பு இல்லாம முடியாது துவான்."

"முடியாதுன்னா முடியாது."

இரண்டு பேரும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் நின்று முறைத்துக்கொண்டார்கள். வழி சொன்னது டாக்டர்தான். தண்ணீரை ஊற்ற வேண்டாம், நுரையை மட்டும் எடுத்துப் பூசுவோம் என்றார். ஒரு தட்டில் சோப்பை அடித்து, முட்டை வெள்ளைக்கரு மாதிரி கெட்டி நுரை ஆக்கினார். அதைப் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் குட்டித் தூரிகையில் தொட்டு, கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாகத் தடவினார். ஒரு சொட்டு வழியவில்லை. துவான் ஹாஜி மூக்கு படாத குறையாகக் குனிந்து பார்த்துவிட்டு, "போலே" என்றார். சரி என்று அர்த்தம்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நுரைக்குள், அடிப்பக்கத்தில், கடுகு அளவில் ஒரு குமிழ் வந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். கடுகு மிளகானது. மிளகு பட்டாணி ஆகப் போய், பட்டென்று உடைந்தது. அதே இடத்தில் இன்னொரு கடுகு.

"வருது!" என்றேன்.

"எங்க, எங்க? எனக்குக் காட்டு! போட்டோ புடி!" கணவர் கோட்டில் நின்று தவித்தார். கைப்பேசியில் படம் பிடித்து நீட்டினேன். பிறந்த குழந்தையின் படத்தைப் பார்ப்பது மாதிரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இதான். இதேதான். ஓரிங்க மாத்து. வேல முடிஞ்சிச்சி."

காற்று வெளியேறாமல் அடைக்கும் சின்ன ரப்பர் வளையத்தைத்தான் அவர்கள் தொழிலில் ஓரிங் என்பார்கள். துப்பாக்கிப் பக்கத்துக் கழுத்துக்குள், ஒரு பள்ளத்தில், அது உட்கார்ந்திருக்கும். கிளப்பில் புதிய வளையங்கள் ஒரு பொட்டலம் இருந்தன. சிலிண்டரைக் கழற்றி, மிச்சக் காற்றை வெற்றாகச் சுட்டுத் தீர்த்தேன். இரும்பு ஊசியால் எடுத்தால் பள்ளத்தில் கீறல் விழும் என்று டாக்டர் ஒரு பல்குச்சியைக் கேட்டு வாங்கி, ஒரே நெம்பில் பழைய வளையத்தை வெளியே எடுத்தார்.

"பல்லைவிட இது சுகம்" என்றார். "கத்தாது."

புதிய வளையத்தைப் போட்டு, சிலிண்டரை மாட்டி, நுரை தடவினோம். எல்லாரும் குனிந்தோம்.

கடுகு வந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மனதுக்குள் மாற்றுத் துப்பாக்கியின் பெரிய கைப்பிடி வந்து நின்றது. பின்னாலிருந்து கணவர் குரல் கேட்டது. கிண்டலும் இல்லை, அவசரமும் இல்லை. பழுது பார்க்கப் போகும் வீடுகளில் அவர் எப்படிப் பேசுவார் என்று நான் அதுவரை கேட்டதில்லை. இப்படித்தான் பேசுவார் போல.

"உக்காராதம்மா. இது நல்ல சேதிதான். புது ரப்பர் போட்டும் அதே எடத்துல வருதுன்னா, ரப்பர் மேல குத்தமில்ல. அது உக்கார்ற எடத்துல என்னமோ இருக்கு. எனக்கு ஒருதரம் ஒரு மணல் துளி இப்பிடிப் பண்ணிச்சி, மூணு தரம் அந்த வீட்டுக்கு அலைஞ்சேன். உள்ள பாரு. வெளிச்சம் அடிச்சிப் பாரு."

சிலிண்டரையும் வளையத்தையும் மறுபடி கழற்றினோம், ஆனால் கழுத்துக்குள் பார்வை நேராகப் போகாது. டாக்டர் மறுபடி காருக்கு ஓடினார். வரும்போது நெற்றியில் விளக்கு, கையில் நீளக் காம்பு வைத்த, நகம் அளவு வட்டக் கண்ணாடி. துப்பாக்கியின் தாடையைத் திறந்து பார்ப்பது மாதிரி இருந்தது. மெல்லக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே வந்தவர் நின்றார்.

"அக்கா, நீங்களே பாருங்கோ. அடியில, இடப்பக்கம்."

கண்ணைக் கிட்டே கொண்டுபோனேன். பள்ளத்தின் அடியில், பழைய கிரீசில் ஒட்டிக்கொண்டு, ஒரு முடி. அரை அங்குலம்கூட இருக்காது. வளைந்து, வெள்ளை வெளேரென்று இருந்தது. வளையம் அதன் மேல் உட்கார்ந்து அமுக்கினாலும், முடிக்கு இரண்டு பக்கமும் காற்றுக்கு ஒரு சந்து கிடைத்திருக்கிறது. இருநூறு பாருக்கு அந்தச் சந்து போதும்.

பல்குச்சியின் நுனியில் அதை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார் டாக்டர். எல்லாரும் தாளைப் பார்த்தோம். பிறகு ஒருவர் தலையை ஒருவர் பார்த்தோம். எனக்குக் கறுப்பு, இடுப்பு வரை நீளம். டாக்டருக்குக் கறுப்பு. என் கணவருக்குத் தலையில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. யார் முதலில் திரும்பினார்கள் என்று தெரியவில்லை. ஒவ்வொருவராகத் துவான் ஹாஜியின் நரைத்த தாடியைப் பார்த்தோம்.

அவர் கை தானாகத் தாடிக்குப் போனது. போன மாதம் எல்லாத் துப்பாக்கிக்கும் வளையம் துடைத்துக் கிரீஸ் போட்டது அவர்தான். கண்ணாடி மறந்து வந்த நாள் என்பதால் முகத்தை அருகில் வைத்துக் குனிந்து செய்திருக்கிறார். அவரே சொன்னார். நான் ஏதாவது ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, "நாலு வாரம்! நாலு வாரம் என் தாடி தங்காச்சியத் தோக்கடிச்சிருக்கு!" என்றார். நாங்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டோம். கணவர் சிரித்துச் சிரித்து மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார். அன்று அதை யாரும் கவனிக்கவில்லை.

பள்ளத்தைத் துடைத்து, புதிய வளையத்தை உட்காரவைத்து, சிலிண்டரை மாட்டி, நுரை பூசினோம். கால் மணி நேரம் பார்த்தோம். நுரை வற்றி உலர்ந்ததே தவிர, ஒரு குமிழும் எழவில்லை. மீண்டும் இருநூறு நிரப்பி, சிலிண்டர் மாட்டியபடியே பெட்டகத்தில் வைத்துப் பூட்டினோம்.

அடுத்த புதன்கிழமை வேலை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே நான் ஆபீசை விட்டு இறங்கிவிட்டேன். துவான் ஹாஜி பெட்டகத்துக்கு முன்னால் சாவியோடு காத்திருந்தார். அவரும் அதற்குள் பார்க்கவில்லையாம், என்னோடு சேர்ந்து பார்க்க வேண்டுமென்று. திறந்தார். இருநூறு. அவர் என்னைப் பார்த்துத் தலையை ஒரு தடவை ஆட்டினார்.

முதல் குண்டு சுட்டேன். டக்கென்ற அந்தச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அட்டையைப் பார்த்தால் குண்டு வட்டத்துக்கு மேலே போயிருந்தது. இரண்டாவதும் மேலே. மூன்றாவதும். அப்போதுதான் நினைவு வந்தது. போன புதன் நாலு கிளிக் உயர்த்தி வைத்தவள் நான்தான். இறக்கிவிட்டுச் சுட்டேன். ஒன்பது. பத்து. பத்து. எண்ணெய்ப் போத்தல் தூக்கிய கைக்கு முன்பைவிட நடுக்கம் குறைந்திருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது.

போட்டி ஒரு சனிக்கிழமை. சுவா வழியாகப் போகும் சாலையில் கணவரின் வேனில் நாங்கள் அணியினர் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்து போனோம். பின்னால் ஏர்கோன் குழாய்கள் திருப்பத்துக்குத் திருப்பம் உருண்டன. ஆசிரியை வழி முழுவதும் கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி செய்தார். டாக்டர் ஒரு பொட்டலம் வறுத்த கடலையைத் தனியாகவே முடித்தார். துப்பாக்கிகள் துவான் ஹாஜியோடு, அனுமதிக் கடிதங்களோடு, அவருடைய காரில் முன்னால் போயின.

அறுபது குண்டு. முதல் பத்தில் ஒவ்வொரு குண்டுக்கும் முன் மீட்டரைப் பார்த்தேன். இரண்டாவது பத்தில் அது நின்றது. நாற்பதைத் தாண்டியபின் எண்ணுவதை விட்டுவிட்டேன். கையை உயர்த்துவேன், குறிமுள்ளை வட்டத்தின் அடியில் நிறுத்துவேன், விரல் தானாக அழுத்தும், டக்கென்று போகும். ஒவ்வொரு சத்தமும் ஒரே மாதிரி இருந்தது. கடைசிப் பத்தில் ஏழு குண்டு பத்தில் விழுந்தன. அதற்கு முன்னும் பின்னும் அப்படி நான் சுட்டதில்லை.

அணிக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. தனியாக டாக்டர் ஐந்தாவது, நான் ஆறாவது. எங்கள் இருவருக்கும் இடையில் ஒரே ஒரு புள்ளி. டாக்டர் பட்டியலைப் பார்த்துவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டு, "அக்கா, உண்மையைச் சொல்லட்டா? அண்டைக்கு அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லாமலே இருந்திருக்கலாம், இன்னும் நிம்மதியா இருந்திருப்பன்" என்றார்.

"நெசமாவா டாக்டர்?"

"அரைவாசி" என்று சொல்லிச் சிரித்தார்.

துவான் ஹாஜியின் மனைவி பெரிய சட்டி நிறைய கோழி மசாக் லெமாக் செய்து அனுப்பியிருந்தார். தேங்காய்ப் பாலில் மஞ்சளாகக் கொதித்து, காந்தாரி மிளகாய் மிதக்கும் குழம்பு. மண்டபத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில் பாயை விரித்து உட்கார்ந்தோம். முதல் வாயிலேயே ஆசிரியைக்குக் கண்ணீர் வந்துவிட்டது. என் கணவர் காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மூன்றாம் தரம் சோறு கேட்டார். பதக்கத்தை ஒவ்வொருவராகக் கழுத்தில் மாட்டிப் பார்த்தோம். கணவரும் மாட்டிக்கொண்டார். குழம்பு படாமல் இருக்கட்டும் என்று அதை முதுகுப் பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

பாதி சாப்பாட்டில் கடல் பக்கமிருந்து மழை வந்தது. சொல்லிக்கொள்ளாமல் ஒரேயடியாகக் கொட்டியது. ஒருவர் சட்டியை, ஒருவர் சோற்றுப் பானையை, ஒருவர் பாயைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மண்டப வாசலுக்கு ஓடினோம். நான் இரண்டு கையிலும் தட்டுகளோடு ஓடியதில் செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. திரும்பிப் போகவில்லை. வாசற்படியில் ஒற்றைச் செருப்போடு, தோளோடு தோள் இடிக்க நெருக்கி உட்கார்ந்து, மிச்சமிருந்த கோழியைப் பங்கிட்டுத் தின்றோம்.